அசலை மிஞ்சிய நகல்

1905-ல வங்காளத்தை ரெண்டாப் பிரிச்ச கர்சன் பிரபுவைப் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அவர் பிறந்த வீட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா மக்களே?

இங்கிலாந்தின் டெர்பிஷயர்ல இருக்கிற கெடில்ஸ்டன் ஹால்தான் அது. கர்சன் குடும்பத்துக்குப் பல நூறு வருஷமா அந்த இடம் சொந்தம். 1759-ல நத்தானியல் கர்சன் என்பவர், இருந்த வீட்டை இடிச்சுட்டு இப்போதைய மாளிகையைக் கட்ட ஆரம்பிச்சார். பிரெட்டிங்காம், ஜேம்ஸ் பெய்ன்னு ரெண்டு பேர் கைவெச்ச பிறகு வேலை ராபர்ட் ஆடம்கிட்ட வந்தது. ஆடம், ரோமுக்கே போய்ப் பழைய கட்டடங்களைப் படிச்சுட்டு வந்தவர். அதனால தெற்கு முகப்பு, கான்ஸ்டன்டைன் வளைவு சாயல்ல இருக்கு. உள்ளே பளிங்குக் கூடத்துல அலபாஸ்டர் கல் தூண்கள் 20. வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குது.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த நடுக்கட்டடம் விருந்தாளிகளுக்குக் காட்டத்தான். குடும்பம் இருந்தது ஒரு பக்கக் கட்டடத்துல, சமையல் இன்னொண்ணுல!

மாளிகைக்கும் தோட்டத்துக்கும் இடம் வேணும்னு அங்கிருந்த கிராமத்தையே அப்புறப்படுத்தி வேற இடத்துல வெச்சாங்க. தேவாலயத்தை மட்டும் தொடலை. ஊர் போன பிறகும் அது மாளிகையை ஒட்டித் தனியா நிக்குது.

திட்டப்படி நாலு மூலைக்கு நாலு பக்கக் கட்டடங்கள் வரணும். வந்தது ரெண்டுதான். நாலையும் பார்க்கணும்னா கல்கத்தா போகணும் :-)

ஆமாம், அங்கே வெல்லஸ்லி தனக்கு அரண்மனை கட்டினப்போ, சார்லஸ் வயட் கெடில்ஸ்டனைத்தான் மாதிரியா எடுத்துக்கிட்டார். 1799-ல ஆரம்பிச்சு 1803-ல முடிஞ்சது. நாலு பக்கக் கட்டடமும் உண்டு, நல்ல காத்தோட்டமும் உண்டு. செலவைப் பார்த்து லண்டன்ல கம்பெனி இயக்குநர்களே கடுப்பானாங்க.

கெடில்ஸ்டனுக்குச் செலவானது ஒரு பிரபுவின் சொத்து. கல்கத்தாவுக்குச் செலவானது கம்பெனிப் பணம். அதுல பெரும்பங்கு இங்கே வசூலான நிலவரி. சொந்தக் காசுல பாதியில நின்ன திட்டம், அடுத்தவன் காசுல முழுசாயிடுச்சு!

1899-ல வைஸ்ராயா வந்த கர்சன், தான் பிறந்த வீட்டோட நகல்லயே குடியேறினார். 1987-லிருந்து கெடில்ஸ்டன் நேஷனல் டிரஸ்ட் வசம். கல்கத்தா நகல், வங்காள ஆளுநர் மாளிகை.

தூண்களோட அழகை மறுக்க முடியாது. ஆனா ஆடம் பேரும் வயட் பேரும் புத்தகத்துல நிக்குது; ஊரைக் காலி பண்ணிக் கொடுத்தவங்களும் வரி கட்டினவங்களும் எங்கே? அடுத்த தடவை ஒரு மாளிகையைப் பார்த்து வாய் பிளக்கும்போது இதையும் கேட்டுப் பாருங்க.