பட்டன் இல்லாத சட்டை

கராத்தே டிரஸ்ஸுக்குப் பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, பாக்கெட்டும் கிடையாது. மந்தாரக்குப்பத்தில் சுரங்கத்துக்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துத் தொழில் படித்தவன் நான். டவுன்ஷிப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ஒருவர் தன் பழைய வெள்ளைச் சட்டையை மாதிரிக்குக் கொண்டுவந்தார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தோளில் இரட்டைத் துணி. இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் வெட்டு. பேண்ட்டில் தொடைகள் சேரும் இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. காலைத் தலைக்கு மேல் தூக்கினாலும் கிழியாது. யோசித்துத் தைத்தவன் எவனோ!

ஆயிரம் வருஷத்து உடுப்பு என்று மாஸ்டர் சொன்னார். என் தையல் மிஷின் அதைவிட மூத்தது. சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851இல். இந்த உடுப்பு ஜூடோவிலிருந்து வந்தது; ஜிகோரோ கானோ டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கியது 1882இல். அதற்கு முந்திய ஜுஜுட்சுக்காரர்களின் சட்டைக் கை குட்டை, கால்சட்டையும் குட்டை. பாயில் விழுந்து புரண்டால் முழங்கையும் முட்டியும் தேயும். எதிராளி பிடிப்பதற்கும் துணி போதாது. கை மணிக்கட்டு வரைக்கும் கால் கணுக்காலை ஒட்டியும் நீண்டது 1907 வாக்கில்தான். ஜூடோவில் சட்டையைப் பிடித்துத்தான் ஆளைத் தூக்கி எறிவார்கள். அதனால் கனமான நெசவு. பட்டன் வைத்தால் விரல் கிழியும், விழுகிறவன் நெஞ்சில் குத்தும்.

கராத்தே இதை ஜூடோவிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஒகினாவா தீவில் கராத்தே பழகியவர்கள் வீட்டில் உடுத்தியதோடு, இல்லாவிட்டால் வெற்றுடம்போடு பழகினார்கள். 1922இல் அங்கிருந்து வந்த பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனாகோஷி, கானோவின் கோடோகானில் செய்து காட்ட வேண்டியிருந்தது. வெள்ளைத் துணி வாங்கி ஜூடோ சட்டை மாதிரி அவரே தைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். வாத்தியார் ராத்திரி உட்கார்ந்து கையால் தைத்த சட்டைக்குத் தையல் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். கராத்தேயில் இழுபறி குறைவு, ஆகவே துணியும் லேசானது. நான் டிரில் துணியில் தைப்பேன். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே கத்தரி வைப்பேன். இல்லையென்றால் முதல் சலவையிலேயே பேண்ட் கெண்டைக்காலுக்கு ஏறிவிடும்.

இடது பக்கம் மேலே வரவேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். பெண் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்கள் மாற்றி வைக்கச் சொல்வார்கள். நான் மறுத்துவிடுவேன். ஜப்பானில் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது பிணத்துக்குத்தான்.

பெல்ட் கதை வேறு. துவைக்காமலே கட்டிக் கட்டி, வெள்ளை பெல்ட் அழுக்கேறிக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட் என்று இங்கே எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிகிற ஊரில் துணி தைக்கிறவனிடம் சொல்லலாமா இதை? அழுக்கில் துணி பழுக்கும், சாம்பல் பூக்கும்; கறுக்காது. 1880களிலேயே மூத்த மாணவர்களை அடையாளம் காட்டக் கானோ ஏற்படுத்திய வழக்கம்தான் பிளாக் பெல்ட். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஐரோப்பாவில் சேர்ந்தவை. பாரிசில் மிகினோசுகே கவாயிஷி அவற்றைப் பரப்பத் தொடங்கியது 1935 வாக்கில்.

இந்தியாவுக்கு ஜூடோவை அழைத்தவர்களில் தாகூர் முக்கியமானவர். 1929இல் ஷின்சோ தகாகாகியைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, பெண்களையும் பழக வைத்தார். நம் பக்கம் கராத்தே பரவியது புரூஸ் லீ படங்களுக்குப் பிறகு. லீ பழகியது குங்ஃபூ. அதனால் என்ன, பையன்கள் கேட்டது வெள்ளை டிரஸ்.

இப்போது மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் ரெடிமேடாக வந்துவிடுகிறது. பாலியஸ்டர் கலப்பு, விலை குறைவு, வியர்வை உறிஞ்சாது. என்னிடம் வருகிறவர்கள் அளவு பொருந்தாதவர்களும், குத்தும்போது கை ‘சட்’டென்று ஒலிக்க வேண்டும் என்பவர்களும்தான். அவர்களுக்கு மட்டும் கனத்த டிரில் எடுத்துக் கஞ்சி போட்டுத் தருகிறேன்.