ரிபெய்ரா, போர்ட்டோ

போர்த்துகலின் போர்ட்டோ நகரில், டூரோ ஆற்றின் வடகரையில் அமைந்த பழைய துறைப்பகுதி ரிபெய்ரா. 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த நகர மையத்துக்குள் இது அடங்கும். ஆற்றோரச் சதுக்கத்தைச் சுற்றிக் குறுகலான, உயரமான வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மாடங்களில் துணி உலரும். 1809 மார்ச் 29 அன்று பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி ஓடிய மக்கள் நெரிசலில், இங்கிருந்த படகுப் பாலம் நிலைகுலைந்து பெருந்திரளானோர் ஆற்றில் மூழ்கினர். அதை நினைவுகூரும் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தின் முன் இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்; பயணிகள் அவசியம் நின்று பார்க்கவேண்டிய இடம் இது. அருகிலுள்ள முதலாம் லூயிஸ் இரும்புப் பாலம் 1886-இல் திறக்கப்பட்டது. மேல்தட்டில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழ்த்தட்டில் நடந்தால், ரபெலோ படகுகளில் வந்த பீப்பாய்களைச் சேமித்த விலா நோவா டி காயாவின் போர்ட் ஒயின் கிடங்குகளை அடையலாம்.