கல்லீரல் ஆன்டிபாடி சோதனை

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் நோய்களை இனங்காண உதவும் ரத்தச் சோதனைகளின் தொகுதி. காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைக்கும் திண்டுக்கல் பக்கத்தில், கிருமியும் இல்லை, குடியும் இல்லை, மஞ்சள் மட்டும் தணியவில்லை என்ற கட்டத்தில்தான் பெரும்பாலும் மருத்துவர் இதை எழுதித் தருகிறார்.

1950இல் சுவீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம், இளம்பெண்களுக்கு வரும் நாட்பட்ட கல்லீரல் அழற்சி ஒன்றை விவரித்தார். 1955இல் மெல்போர்னில் ஜோஸ்க், கிங் இருவரும் அத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில், லூபஸ் நோயின் அடையாளமாகக் கருதப்பட்ட எல்.இ. செல்லைக் கண்டனர். மறு ஆண்டே இயன் மக்கே குழுவினர் 'லூபாய்டு ஹெபடைடிஸ்' என்று பெயரிட்டார்கள். நோய் லூபஸ் அல்ல என்பது பின்னால் தெளிவானது. பெயர்தான் சீக்கிரம் போகவில்லை.

1965இல் பிரிட்டனிலிருந்து இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. ஜான்சன், ஹோல்பரோ, கிளின் ஆகியோர் மென்தசையைத் தாக்கும் ஆன்டிபாடியைக் கண்டனர். டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லக் உள்ளிட்டோர் பித்தநாள நோயாளிகளிடம் மைட்டோகாண்ட்ரியா ஆன்டிபாடியைக் காட்டினர். 1973இல் மாரியோ ரிசெட்டோவும் டோனியாக்கும் கல்லீரல்-சிறுநீரக மைக்ரோசோம் ஆன்டிபாடி எனப்படும் எல்.கே.எம். வகையைப் பிரித்தறிந்தார்கள். எலிச் சிறுநீரகச் சீவலில் அதுவும் மைட்டோகாண்ட்ரியா வகையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிரும். பழகாத கண் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

செய்முறை எளிது, படிப்பதுதான் கடினம். எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பைச் சீவல்கள்மேல் நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து விட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய வினைப்பொருளைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சிக்கான 2008ஆம் ஆண்டின் எளிய மதிப்பீட்டில், உயிரணுக்கரு அல்லது மென்தசை ஆன்டிபாடி 1:40 நீர்ப்பில் தெரிந்தால் 1 மதிப்பெண், 1:80இல் தெரிந்தால் 2. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. புரதத்தின் அளவு, திசு ஆய்வு, வைரஸ் இல்லாமை ஆகியவற்றையும் கூட்டி 6 வந்தால் சந்தேகம் வலுக்கிறது, 7 என்றால் உறுதி. ஆன்டிபாடி மட்டும் நோயை நிரூபிக்காது. நல்ல உடல்நலம் உள்ளவர்களிடமும் அது சிறிதளவு தென்படும். நோய் இருந்தும் தென்படாதவர்களும் உண்டு.

இந்தக் கணக்கை இந்தியாவில் குழப்பியது வேலியோரச் சீந்தில். கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றல் கூடும் என்று அதைக் குடித்த 6 பேரின் கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022இல் 13 மையங்களின் ஆய்வில் இத்தகைய 43 பேர் இடம்பெற்றனர். பலரின் பாதிப்பு தன்னெதிர்ப்பு நோயின் சாயலில் இருந்தது. சீந்திலை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. ஆனாலும் ஊரின் சிறு ரத்தப் பரிசோதனை நிலையங்களில் எடுக்கும் மாதிரிகள் இத்தகைய சோதனைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ குளிர்ப்பெட்டியில் போவது வழக்கம். கூடப் போகும் சீட்டில் வயதும் பாலினமும் இருக்கும்; குடித்த கஷாயத்தின் பெயருக்கு இடம் இருப்பதில்லை.