வேலைநிறுத்தம் செய்ய முடியாத சங்கத்தின் சந்தா

சந்தாவை உயர்த்தும் எந்தச் சங்கமும் முதலில் கைகாட்டுவது விலைவாசியைத்தான். பிரிட்டனில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டது. காவலர்களின் சங்கமான இங்கிலாந்து–வேல்ஸ் போலீஸ் கூட்டமைப்பு தன் சந்தா உயர்வுக்கு இதைக் காரணமாகச் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சங்கத்தின் செலவை விலைவாசி மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த உரிமைகளைச் சட்டம் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது, எதை விட்டுவைத்தது என்று பார்த்தால்தான் சந்தா ஏறுவதன் அடிப்படை விளங்கும்.

1918 ஆகஸ்டு இறுதியில், உலகப் போர் இன்னும் ஓயாத நேரத்தில், லண்டன் காவலர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் லாயிட் ஜார்ஜின் அரசு இறங்கிவந்து சம்பளத்தை உயர்த்தியது. மறு ஆண்டே கணக்குத் தீர்த்தது. 1919ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக இந்தக் கூட்டமைப்பை நிறுவியது. அதை எதிர்த்து லிவர்பூலிலும் லண்டனிலும் மீண்டும் வேலையை நிறுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. அரசு பெற்ற பிள்ளைக்கு அரசே சோறும் போட்டது. உறுப்பினர்களிடம் சந்தா வாங்கும் வழியே கூட்டமைப்புக்கு 1950களில்தான் திறந்தது.

வேலைநிறுத்த உரிமை அதன்பின் கிடைக்கவேயில்லை. 2013இல் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த உரிமையைக் கோரலாம் என்றார்கள். ஆனால் மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேரின் ஆதரவு வேண்டும் என்பது விதி. வாக்களிக்க வந்தவர்களே பாதியை எட்டாததால் கோரிக்கை அத்துடன் நின்றது. மறு ஆண்டு, பேரம் பேசும் இடமாக இருந்த போலீஸ் பேச்சுவார்த்தை வாரியமும் கலைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஊதிய மறுஆய்வுக் குழு பரிந்துரை மட்டுமே செய்யும். அதிலிருந்தும் 2021 ஜூலையில் கூட்டமைப்பு வெளியேறியது.

தெருவும் இல்லை, பேரமும் இல்லை என்றானபின் மிஞ்சியது நீதிமன்றம். ஆகவே காவலர் மாதந்தோறும் கட்டும் தொகையைச் சங்கச் சந்தா என்பதைவிட வழக்குக் காப்பீட்டுத் தவணை என்பதே பொருந்தும். சாதாரணக் காவலர் முதல் தலைமை இன்ஸ்பெக்டர் வரை யார்மீது குற்றச்சாட்டு வந்தாலும் அவர் முதலில் தேடுவது கூட்டமைப்பின் வழக்கறிஞரைத்தான். கூலி உயர்வுக்குப் போராடும் சங்கம் போராட்டம் இல்லாத ஆண்டில் பணத்தைச் சேர்த்து வைக்கலாம். குற்றச்சாட்டு வராத ஆண்டு என்று காவல் துறையில் ஒன்று கிடையாது.

இந்தக் காப்பீட்டின் விலையை ஏற்றியதில் பெரும்பங்கு அரசுடையது. 2015 முதல் கடுமையான ஒழுங்கு மீறல் விசாரணைகள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன. 2016 முதல் 2024 வரை, அவற்றுக்குச் சட்டம் படித்தவர்கள் தலைமை தாங்கினார்கள். 2017இன் இறுதியில் தடைப் பட்டியல் வந்தது. அதில் பெயர் ஏறியவர் எந்தக் காவல் படையிலும் மறுபடி சேர முடியாது. பதவி விலகித் தப்பலாம் என்ற பழைய வழியும் அடைபட்டது. பொதுமக்கள் பார்வையில் இவை பெரும்பாலும் நல்ல சீர்திருத்தங்களே. ஆனால் ஒரு விசாரணையில் தோற்றால் பிழைப்பே போகும் என்னும்போது, காவலர் தனியாகப் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வரமாட்டார். பாரிஸ்டரோடுதான் போவார்.

குற்ற வழக்கானால் சுமை இன்னும் கனம். 2012இன் சட்டமாற்றத்துக்குப் பிறகு, விடுதலையானவர் தம் வழக்கறிஞருக்குக் கொடுத்ததை முழுமையாக அரசிடமிருந்து திரும்பப் பெற முடியாது. பெற முடிந்தாலும் சட்ட உதவிக்கான குறைந்த விகிதத்தில்தான் கிடைக்கும். ஜெயித்த வழக்கிலும் சங்கத்துக்கு நட்டம் என்பது இதன் பொருள். ஒரு விடுதலையோடு விஷயம் முடிவதும் இல்லை. தெற்கு லண்டனில் கிறிஸ் காபா 2022இல் சுட்டுக்கொல்லப்பட்டது தொடர்பான கொலை வழக்கில், சுட்ட காவலரை 2024 அக்டோபரில் ஜூரி விடுவித்தது. அதன் பிறகும் அவர்முன் ஒழுங்கு விசாரணை காத்திருந்தது.

வரவுப் பக்கமும் ஆட்டம் கண்டது. 2014 மே மாதம் கூட்டமைப்பின் போர்ன்மத் மாநாட்டு மேடையில் உள்துறை அமைச்சர் தெரசா மே, ஆண்டுக்கு 1,90,000 பவுண்டாகச் சுருங்கியிருந்த அரசு மானியத்தை அடியோடு நிறுத்துவதாக அறிவித்தார். தானாகவே உறுப்பினராகும் முறையும் போய், விரும்பினால் சேரலாம் என்றாகும் என்றார். சிக்கன நடவடிக்கையால் 2010க்கும் 2018க்கும் இடையில் காவலர் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 சரிந்தது. சந்தா கட்டுவோர் குறைந்தார்கள், மீந்தவர்கள்மீது வரும் புகார்கள் குறையவில்லை.

இவ்வளவையும் அரசின் தலையில் கட்டிவிட்டுக் கூட்டமைப்பு நழுவ முடியாது. கூட்டமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்து 2014 ஜனவரியில் வெளிவந்த டேவிட் நார்மிங்டன் அறிக்கை 36 பரிந்துரைகளைச் செய்தது. கிளைகள் சில கணக்குகளை வெளியில் காட்டாமல் வைத்திருப்பதையும், கையிருப்பு தேவைக்கு மீறிக் குவிந்திருப்பதையும் சுட்டிக்காட்டி, அதில் ஒரு பகுதியைச் சந்தாக் குறைப்பாகத் திருப்பித் தரச் சொன்னது. ஓய்வூதிய விவகாரம் இதைவிட மோசம். 2015இன் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியபோது மூத்தோருக்கு மட்டும் தரப்பட்ட பாதுகாப்பு வயதுப் பாகுபாடு என்று, நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் தொடுத்த வழக்குகளில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலர்கள் தொடுத்த அதே வகை வழக்குக்குக் கூட்டமைப்பு துணைநிற்கவில்லை. கைவிடப்பட்டவர்கள் கூட்டமைப்பின் மீதே வழக்குப் போட, 2023இல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. வழக்காடித் தருவதற்காகக் கட்டிய சந்தாவின் ஒரு பகுதி, கட்டியவரையே எதிர்த்து வழக்காடப் போயிற்று.

எனவே சந்தா உயர்வு நியாயமா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. ஒழுங்கு விசாரணைகளுக்கும் குற்ற வழக்குகளுக்கும் ஆகும் செலவு, வேலைநிறுத்தத் தடைக்குக் காவலர் கொடுக்கும் விலை. அதில் பங்கேற்க அரசுக்கும் கடமை உண்டு, மானியத்தை நிறுத்தியது அந்தக் கடமையைக் கைகழுவியதே. ஓய்வூதிய வழக்கின் செலவு அப்படிப்பட்டதல்ல, அது நிர்வாகத் தவறின் விலை. இரண்டையும் ஒரே மாதத் தொகைக்குள் போட்டு, மேலே பணவீக்கம் என்று எழுதிக் காவலரிடம் நீட்டக் கூடாது. வழக்குநிதிக்குத் தனிக் கணக்கு, அதில் ஆண்டுதோறும் எத்தனை வழக்குகள், எவ்வளவு செலவு, எவ்வளவு திரும்பி வந்தது என்ற விவரம், நிர்வாகச் செலவுக்கு வேறு கணக்கு என்று பிரித்துக் காட்டினால் உயர்வின் எந்தப் பகுதிக்கு உள்துறையிடம் சண்டை போடுவது, எந்தப் பகுதிக்குத் தங்கள் நிர்வாகிகளிடம் சண்டை போடுவது என்பதை உறுப்பினர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.