சொல்லின் வேர் – 9: கொல்லர் மகனின் கடிதம்

சென்ற வாரம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், மைக்கேல் ஃபாரடேயின் மேஜையருகே நிறுத்தியிருந்தோம். நாள் 1834 ஏப்ரல் 24. பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். யாருக்கு எழுதினார்?

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெல்லுக்கு. ஃபாரடே கொல்லர் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடைக்குத் தொழில் பழகப் போனவர். கிரேக்கம் படிக்க வாய்க்கவில்லை. ஹியூவெல் தச்சர் மகன். படிப்பால் மேலே வந்து கிரேக்கத்தில் கரைகண்டவர்.

ஃபாரடேயின் சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. மின்சாரம் செலுத்தித் திரவத்தைப் பிரிக்கும்போது உள்ளே நிற்கும் இரண்டு முனைகளையும் அன்று ‘போல்’, அதாவது துருவம், என்றார்கள். காந்தம்போல அவை பொருளை இழுக்கின்றன என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஃபாரடேயின் சோதனைகளோ, மின்சாரம் நுழையவும் வெளியேறவும் உள்ள கதவுகள்தான் அவை என்று காட்டின. பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய உண்மையை எழுத அவருக்குக் கை வரவில்லை.

பொதுப்பெயர் ஒன்று ஏற்கெனவே அமைந்துவிட்டது: எலெக்ட்ரோடு. ‘எலெக்ட்ரான்’ என்றால் கிரேக்கத்தில் அம்பர், தேய்த்தால் துரும்பை இழுக்கும் அந்த மரப்பிசின் கல். ‘ஹோடோஸ்’ என்றால் வழி. பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லும் ‘பீரியட்’டின் வாலிலும் இதே ஹோடோஸ்தான் இருக்கிறது, ‘பெரி’ சுற்றி, ‘ஹோடோஸ்’ வழி. ஆனால் இரண்டு கதவுகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமே! ஈஸ்டோடு, வெஸ்டோடு என்றுகூட வைத்துப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை.

மறுநாளே பதில் எழுதினார் ஹியூவெல். ஆனோடு, கேத்தோடு!

‘அனா’ என்றால் மேலே, ‘கட்டா’ என்றால் கீழே. கண்ணில் புரை விழுந்தால் ‘கேட்டராக்ட்’ என்கிறோமே, அதன் தலையில் இருப்பதும் இந்தக் கட்டாதான். மேல்வழி, கீழ்வழி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் சூரியன். பூமியின் காந்தத்துக்குக் காரணமான மின்னோட்டம், சூரியன் போகும் திசையில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதாகக் கற்பனை செய்துகொண்டார் ஃபாரடே. அதற்கு இணையாகப் பாத்திரத்தை வைத்தால் மின்சாரம் நுழையும் பக்கம் சூரியன் எழும் பக்கம். வெளியேறும் பக்கம் அது இறங்கும் பக்கம். மின்சாரம் என்பது என்ன என்று நாளை எவர் எதைக் கண்டுபிடித்தாலும் இந்தப் பெயர்கள் பொய்யாகாது. இவ்வளவு முன்யோசனையோடு பிறந்த சொற்கள் அறிவியலில் மிகக் குறைவு.

மே மாதம் ஹியூவெல் இன்னொன்றும் தந்தார்: ‘அயான்’, போய்க்கொண்டிருப்பது. நம் பாடப்புத்தகத்தில் அது அயனி. எலெக்ட்ரோடுக்குத் தமிழில் ‘மின்வாய்’ என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. வாய் என்றால் வாயிலும்தான். ஃபாரடே சொன்ன கதவு கிரேக்கத்தைவிடத் தமிழில் பளிச்சென்று திறக்கிறது.

லண்டனில் புதுச்சொற்களுக்குக் கடும் எதிர்ப்பு. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்த் தவித்த அப்பன், பிள்ளை, கழுதை கதை தன் கதையாகிவிட்டது என்று ஹியூவெல்லுக்கு எழுதினார் ஃபாரடே. ஆனால் ஹியூவெல்லின் பெயரைக் கேடயமாகப் பிடித்ததும் எதிர்ப்பெல்லாம் கரைந்துபோனதாம்.

அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1833 ஜூனில், கேம்பிரிட்ஜில் அறிஞர்கள் கூடிய சபையில் ஹியூவெல்லுக்கே ஒரு சோதனை வந்தது. முதுமையும் நோயும் வாட்டிய கவிஞர் கோலரிட்ஜ் அங்கே வந்திருந்தார். ‘ஃபிலாசஃபர்’ என்ற கிரேக்கப் பெயரை இனி நீங்கள் சூடிக்கொள்ளக் கூடாது என்றார். அப்படியானால் சோதனைச்சாலையில் நிற்கும் மனிதனை எப்படி அழைப்பது? ஆங்கிலத்தில் அதற்கு அன்று ஒரு சொல் இல்லை. ஹியூவெல் வாய் திறந்தார்.

(அடுத்த வாரம்: லத்தீன் தலை, கிரேக்க வால்)