அத்தி

அத்தி என்பது ஆல், அரசு ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்த மருத்துவ மரம். தாவரவியல் பெயர் ஃபைக்கஸ் ரெசிமோசா. 1753-இல் லின்னேயஸ் இட்டது. பழைய மருந்து நூல்களில் ஃபைக்கஸ் குளோமெரேட்டா எனக் காண்பதும் இதுவே. சங்க இலக்கியத்தில் அதவம் எனப்படுகிறது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசுவோர் மேடி என்பர். ஆற்றங்கரை, ஓடை, கிணற்றடி என ஈரம் தங்கும் இடங்களில் செழித்து வளரும்.

இனங்காணல்

காய்கள் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பழுத்தால் சிவக்கும். பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பதால் வெளியே தெரியா. செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ் என்னும் சிறுகுளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. பழத்தைப் பிட்டால் பூச்சிகள் தென்படுவது இதனால்தான். அத்தியோடு குழப்பிக்கொள்ளக்கூடிய பேயத்தியின் இலைகள் எதிரெதிராக அமைந்து சொரசொரப்பாக இருக்கும். அத்தியிலை மாறிமாறி அமையும். கடையில் விற்கும் உலர் அத்திப்பழம் சீமை அத்தி என்னும் வேறு இனத்தின் பழம்.

மருத்துவப் பயன்

சித்த மருத்துவம் அத்தியைத் துவர்ப்புச் சுவையும் குளிர்ச்சியும் உடையதாகக் கொள்கிறது. பட்டைக் குடிநீரை வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்குக் கொடுப்பர். புண் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் பயன்படுத்துவர். பிஞ்சைப் பருப்புடன் கூட்டாகச் சமைத்து மூலநோய்க்கு உண்பர். மரத்தில் வடியும் பாலை மூட்டு வீக்கத்தின்மேல் பற்றிடுவர். வேரின் நுனியைச் சீவி, அதை மண்கலயத்துக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி இரவு முழுவதும் வைத்தால் நீர் வடிந்து சேரும். அத்திக்கள் எனப்படும் இதை உடல்சூடு தணியக் குடிப்பர். ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கின் பட்டைகளும் நாற்பாமரம் என ஒன்றாகச் சேரும்.

வேதியியல்

பட்டையின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். இவை புரதத்தோடு பிணைந்து அதைத் திரளச் செய்கின்றன. புண்ணின் மேற்பரப்பு இறுகுவதும் கசிவு குறைவதும் இதனால்தான். லூப்பியால், பீட்டா சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் ஆகியவையும் பட்டையில் உள்ளன. இலையிலிருந்து பிரித்த ரெசிமோசிக் அமிலம் ஆய்வகச் சோதனையில் அழற்சியைத் தூண்டும் நொதிகளைத் தடுத்தது.

ஆய்வு நிலை

செயற்கையாக நீரிழிவு உண்டாக்கிய எலிகளில் பட்டைச் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்துள்ளது. மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ள அவை போதா. நீரிழிவு மாத்திரை உண்போர் பட்டைக் குடிநீரையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.