கூட்டுப் பணமும் செம்பனை எண்ணெயும்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் 'கூட்டு' என்னும் சொல் புதியதன்று. மாதந்தோறும் ஆளுக்கொரு தொகையைக் கூட்டுத் தலைவியிடம் கட்டுவார்கள். மாதம் ஒருவர் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்வார். என் பள்ளிப் பருவத்தில் எங்கள் தோட்டத்துக் கூட்டுத் தலைவி ஒருநாள் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். என் புத்தகத்திற்கும் சீருடைக்கும் என்று அம்மா கட்டிவந்த பணமும் அதோடு போயிற்று. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது என்பதும், அதன் ஆங்கிலப் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருக்கிறது என்பதும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

பலருடைய பணம் ஒருவர் கையில் சேரும்போது அந்த ஒருவரைக் கண்காணிப்பது யார்? உலகச் சந்தைகளின் வரலாற்றிலும் இதே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்துள்ளது.

ஸ்கூடாயில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் பல இடங்கள் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை. கூலாய்ப் பக்கம் போனால் இன்றும் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகளைக் காணலாம். எண்ணெய் ஆலை விலை வீழ்ச்சியை அஞ்சுகிறது. சோப்புத் தயாரிப்பாளரோ விலையேற்றத்தை அஞ்சுகிறார். மூன்று மாதம் கழித்துக் கைமாற வேண்டிய எண்ணெய்க்கு இன்றே விலை பேசி முடித்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. இதுவே முன்பேர ஒப்பந்தம். கோலாலம்பூர்ச் சந்தையில் ஓர் ஒப்பந்தம் 25 டன் எண்ணெயைக் குறிக்கும். டன்னுக்கு 100 ரிங்கிட் விலை மாறினால், ஓர் ஒப்பந்தத்தில் 2,500 ரிங்கிட் கைமாறும். பாசிர் கூடாங் துறைமுகமும் எண்ணெய் ஒப்படைக்கும் இடங்களுள் ஒன்று.

தோற்றவர் பணம் தராவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே தீர்வகம் என்னும் அமைப்பு இருவருக்கும் நடுவில் நிற்கிறது. விற்பவருக்கு அதுவே வாங்குபவர்; வாங்குபவருக்கு அதுவே விற்பவர். இரு தரப்பிடமும் ஈட்டுத்தொகை பெற்று, அன்றாட இலாப நட்டத்தை அன்றன்றே தீர்க்கிறது.

கோலாலம்பூர் பண்டச் சந்தையில் 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் செம்பனை எண்ணெய் முன்பேர வணிகம் தொடங்கியது. 1984-ஆம் ஆண்டில் சில தரகு நிறுவனங்கள் தாம் தரவேண்டிய பணத்தைத் தர இயலாமற்போக, சந்தையின் மீதிருந்த நம்பிக்கையே ஆட்டங்கண்டது. அதன் பின்னரே 1985-ஆம் ஆண்டின் பண்ட வணிகச் சட்டம் வந்தது; கண்காணிப்பும் இறுக்கப்பட்டது. அடிபட்ட பிறகுதான் விதி பிறந்தது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அங்குச் சந்தைக்கு வெளியே, தீர்வகம் ஏதுமின்றி, நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் பெருகின. பண்ட முன்பேர வணிக ஆணையத்தின் தலைவராயிருந்த புரூக்ஸ்லி போர்ன் அம்மையார், இவற்றுக்கு விதி வேண்டுமா எனக் கருத்துக் கேட்டு 1998-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டார். அது கேள்விகளை மட்டுமே எழுப்பியது. ஆயினும் நிதித்துறை கொதித்தெழுந்தது. ஒப்பந்தங்களின் சட்டத் தகுதியே ஐயத்திற்குள்ளாகும், வணிகம் வெளிநாட்டுக்கு ஓடிவிடும், பெரிய நிறுவனங்களுக்குத் தம்மைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்பன அதன் வாதங்கள். மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானும் நிதியமைச்சர் ராபர்ட் ரூபினும் போர்னின் முயற்சியை வெளிப்படையாக எதிர்த்தனர். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அவ்வொப்பந்தங்களைப் பெரும்பாலும் கண்காணிப்புக்கு வெளியிலேயே விட்டது.

2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. நிறுவனம் சாய்ந்தது. கடன்கள் மூழ்கினால் ஈடு தருவதாகப் பலருக்கும் வாக்களித்திருந்த அந்நிறுவனத்திடம் அதற்குப் போதிய பணம் இல்லை. அமெரிக்க மத்திய வங்கி முதற்கட்டமாக 8,500 கோடி டாலர் கடனுதவி அளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் டன் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்த செம்பனை எண்ணெய், உலகச் சந்தைகளின் சரிவோடு அக்டோபரில் 1,500 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது. வாஷிங்டனில் நடந்த வாதத்தில் நம் சிறுதோட்டக்காரரை யாரும் கேட்கவில்லை. நெருக்கடியோ அவர் வீட்டுக்கும் வந்தது.

2009-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் கூடிய ஜி-20 நாடுகள், தரப்படுத்திய ஒப்பந்தங்கள் தீர்வகம் வழியே செல்ல வேண்டும் என முடிவு செய்தன. 2010-இல் அமெரிக்காவில் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்தபோதும் தொழில்துறை எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனால் அவ்வெதிர்ப்பு முழுவதையும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. எரிபொருள் விலையேற்றத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள், ஈட்டுத்தொகையில் தம் முதல் முடங்கிவிடும் என முறையிட்டன. அதில் நியாயம் இருந்தது. நிதித்துறை சாராத அத்தகையோருக்குச் சட்டத்தில் விலக்கும் கிடைத்தது. ஆபத்தெல்லாம் தீர்வகத்தில் குவியுமானால் தீர்வகமே சாய்ந்தால் என்னாகும் என்னும் கேள்வியும் சரியானதே.

இவ்வரலாற்றில் நான் கற்றது ஒன்று. விதியால் வரும் செலவு இன்றே கண்ணுக்குத் தெரியும். அதைச் சுமப்பவர் உரக்கப் பேசுவார். விதியின்மையால் வரும் செலவு நாளை வரும். அதைச் சுமக்கப்போகிறவர் இன்று அந்த அறையிலேயே இருப்பதில்லை. ஆகவே, எதிர்ப்பவரின் காரணத்தைக் கேட்போம். கூடவே, 'தவறினால் யார் பணம் போகும்?' என்றும் கேட்போம்.

பெற்றோர்களே, முன்பேர வணிகத்தில் விரைவில் இலாபம் என்று கைப்பேசியில் யாரேனும் அழைத்தால், சுருஹான்ஜாயா செக்யூரித்தி எனப்படும் பத்திர ஆணையத்தின் உரிமம் அவர்களுக்கு உண்டா, ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அவர்கள் பெயர் உள்ளதா என முதலில் பாருங்கள். அம்மாவுக்கு அன்று அப்படிப் பார்க்க ஓர் இடம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.